நாற்பத்து நான்காவது மீன்

நம் அரிச்சுவடியில் ங என்று ஒரு எழுத்து இருக்கிறதே, புள்ளி வைத்தால்தான் அதற்குப் பிழைப்பு, புள்ளியை எடுத்துவிட்டால், என்றைக்காவது ஒரு புலவர் 'அங்ஙனம்' என்று எழுதுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் வடக்கே, வடக்குக்கும் வடக்கே, வருஷத்தில் ஏழு மாசம் ஆறு உறைந்து கிடக்கிற சைபீரியாவின் ஒரு மூலையில் ஙேலர் என்று ஒரு சின்ன ஜனம் இருந்தது, அவர்களுக்கு அந்த ங இல்லாமல் பொழுதே விடியாது. ஆறு அவர்களுக்கு ஙூல், பசி என்றால் ஙெக், வேண்டாம் என்றால் ஙை, ஊரிலிருந்த அறுபது வீட்டுக்காரர்களின் குடும்பப் பெயர்களும் ங-வில்தான் தொடங்கின. எழுத்து இல்லாத அந்த ஜனத்துக்கு ரஷ்ய எழுத்தைக் கொடுக்கப் போனபோது ரஷ்யர்களிடம் இந்த ஒலிக்கு எழுத்து இல்லை என்று தெரியவந்து, எங்கோ ஒரு பட்டணத்தில் கூடிய கமிட்டி, தங்களுடைய 'ந'வை எடுத்து, அது பார்வைக்கு இரண்டு தூணும் நடுவே ஒரு குறுக்குக் கட்டையுமாக ஆங்கில எச் போல இருக்கும், அதன் வலது காலில் ஒரு சின்னக் கொக்கியை மாட்டி, இந்தாருங்கள் உங்கள் எழுத்து என்று அனுப்பிவைத்தது. அந்தக் கொக்கிக்கு வேறு வேலை ஏதும் இருக்கும் என்று கமிட்டி யோசித்திருக்காது.

அந்த ஊரில் புரோஹர் என்று ஒருவன் மீன்வளத்துறை ஆய்வாளனாக இருந்தான். அதே ஊரில் பிறந்தவன்தான், ஆனால் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டை மாட்டிய நாளிலிருந்து ஊரில் ஒருவரும் அவனோடு பேசுவதில்லை, ஏனென்றால் அளவுக்கு மிஞ்சிய வலையைப் பிடுங்குவது, தடைக்காலத்தில் தூண்டிலைப் பிடுங்குவது என்று அவன் பிடுங்காத வீடு கிடையாது. ஙாவின் என்ற அவன் குடும்பப் பெயரை வேலையில் சேர்ந்தபோது ஆபீஸில் கொக்கி இல்லாமல் நாவின் என்று எழுதினார்கள், அவனும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள் அவன் மனைவி உல்யானா. அவள் சொந்த அண்ணன் சவேலியின் வலையை அவன் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று அவள் தன் துணிமணியையும் தேநீர் போடுகிற சமோவாரையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த டீச்சர் குடியிருப்புக்குப் போய்விட்டாள். ஆறு வருஷமாயிற்று. விவாகரத்து இல்லை, சண்டை இல்லை, பேச்சு மட்டும் இல்லை.

உல்யானாதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஙேலர் பாஷை சொல்லிக்கொடுக்கிறவள், அவள் வகுப்பில் மூன்றே மூன்று பிள்ளைகள். அந்தப் புதுவருஷத்துக்கு மாவட்டத்திலிருந்து ஒரு கடிதாசி வந்தது: பெரியவரோ சிறியவரோ, எட்டுப் பேர் தங்கள் கையால், தங்கள் பாஷையில் பெயர் எழுதின பட்டியல் மார்ச் மாதக் கடைசி வண்டியில் வந்து சேராவிட்டால் வகுப்பு மூடப்படும், ஆசிரியை அதே வண்டியில் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வர வேண்டும். கடைசி வண்டி என்றால் உறைந்த ஆற்றின் மேல் ஓடுகிற வண்டி, அது போய்விட்டால் பனி உருகி ஆறு ஓடத் தொடங்கிவிடும், பிறகு ஜூன் வரைக்கும் போக்குவரத்து கிடையாது. இந்தச் சேதி காதில் விழுந்த அன்று புரோஹர் தன் வீட்டு ஜன்னலண்டை வெகுநேரம் நின்றான், அங்கிருந்து பார்த்தால் டீச்சர் குடியிருப்பின் புகைபோக்கி தெரியும். ஆறு வருஷமாக அந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் காலைத் தேநீர் இறங்கும். அந்தப் புகை இல்லாமல் போய்விடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளையில், உல்யானா கரும்பலகையில் அந்தக் கொக்கி எழுத்தை எழுதினாள், எழுதிக் கொக்கியை வளைத்து முடிக்கவும் பலகை குளத்துத் தண்ணீர் மாதிரி லேசாக அலைந்தது, கொக்கி ஒரு சுண்டு சுண்டியது, அரை முழ நீளத்துக்கு ஒரு மீன் சாக்பீஸ் தூள் படிந்த செதிலோடு தரையில் விழுந்து துள்ளியது.

"டீச்சர், உயிரோட இருக்கு," என்றது முன்வரிசைப் பெண்.

"தெரியுது. நீங்க எழுதுங்க," என்றாள் உல்யானா.

எழுதினார்கள். மூன்று நோட்டுப்புத்தகத்திலிருந்தும் மூன்று மீன் வந்தது. மணி அடிப்பதற்குள் சேதி ஊரைச் சுற்றி வந்துவிட்டது, மறுநாள் காலையில் ஊரில் கைகால் உள்ளவர்கள் பூராவும், இருபது வருஷமாகப் பேனாவைத் தொடாதவர்கள், பிள்ளைகள் எழுத்துப் படித்தால் கெட்டுப்போகும் என்று சொல்லித் திரிந்தவர்கள், அந்தப் பாஷையை வீட்டில் பேசவே வெட்கப்பட்டவர்கள், எல்லோரும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு வாளியோடு, உல்யானாவின் வகுப்பில் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற முப்பத்தைந்து எழுத்தையும் சொல்லித்தருகிறேன் என்றாள் அவள். இது ஒன்றே போதும் என்றார்கள் அவர்கள்.

அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் மலைக்கிறவர்கள் அல்ல, ஆனால் எதையும் பரிசோதித்துப் பார்க்காமல் விடுகிறவர்களும் அல்ல. ஒரு வாரத்தில் எல்லாம் துலங்கிவிட்டது. அச்சடித்த எழுத்துக்கு ஒன்றும் வராது, கையால் எழுத வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்து தனியாகவே நல்ல மீனைக் கொடுத்தது, மீனுக்காகவே எழுதினவர்களுக்கு விரல் நீளத்துக்குப் பொடிமீன்தான், பூனைக்குத்தான் ஆகும். சொல்லாக எழுதினால் சாண் நீளம். யாருக்காவது சேதி சொல்லி, அந்தச் சேதி மெய்யாகவும் இருந்துவிட்டால் முழங்கை நீளம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஒருவர் எழுதிய புகார் மனுவிலிருந்து ஒரு பழைய ரப்பர் பூட்ஸ் வந்தது, அதுவும் இடதுகால் மட்டும். ஆகவே ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் கடிதாசி எழுத ஆரம்பித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறவளுக்கு, உன் பசு நேற்று என் வைக்கோலைத் தின்றது, போகட்டும், அது நல்ல பசு, என்று எழுதி மடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடச் சமையல்காரி ஃபெக்லா, பட்டாளத்தில் இருக்கிற தன் மகனுக்கு நீ எப்போது வருவாய் என்று ஒரே ஒரு வரி எழுதினாள், அதில் வந்த மீனை இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவள் அன்றைக்கு மீனைச் சுத்தம் செய்துகொண்டே அழுதாள்.

மாவட்டக் கடிதாசியின் பட்டியலையும் உல்யானா மேசைமேல் வைத்திருந்தாள். நாற்பது பேருக்குமேல் வகுப்பில் இருக்க, எட்டுப் பெயருக்கு என்ன குறைச்சல் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கேதான் அந்த ஊரின் லட்சணமே இருக்கிறது. பட்டியல் பள்ளிக்கூடத்துத் தாள். பள்ளிக்கூடத்துத் தாளில் வந்த மீன் பள்ளிக்கூடத்துச் சமையலுக்குத்தானே சேரும்? குடும்பப் பெயரில் முதல் எழுத்தே ங. ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு மீன் அநியாயமாக ஃபெக்லாவின் அண்டாவுக்குள் போய்விடும். அதனால் நாளைக்குப் போடுகிறேன் டீச்சர், நாளைக்குக் கட்டாயம் போடுகிறேன், என்று நாள் போயிற்று. மூன்று பிள்ளைகள் போட்டார்கள், அண்ணன் என்ற முறைக்குச் சவேலி போட்டான், ஒரு விதவையும் தபால்காரனும் உல்யானாவின் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் போட்டார்கள், எப்படிப் பார்த்தாலும் மீன் தன் அண்டாவுக்கே வரும் என்பதால் ஃபெக்லாவும் தாராளமாகப் போட்டாள். ஏழு.

இதற்கிடையில் புரோஹரின் வாசலில் வேறொரு கூத்து நடந்தது. ஙேலர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: குளிர்காலத்தில் ஆற்றுப் பனியைத் துளையிட்டுப் பிடிக்கிற முதல் மீனைத் தான் தின்னக்கூடாது, யாரோடு தனக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ அவர் வீட்டு வாசல்படியில், தலை கதவைப் பார்க்க, வாலில் தன் வீட்டு அடையாளத்தை வெட்டி, வாய் திறக்காமல் வைத்துவிட்டு வர வேண்டும். வாங்கினவர் அதை எறியக்கூடாது, தின்றே ஆக வேண்டும், தின்றுவிட்டால் அடுத்த முறை எதிர்ப்படும்போது குறைந்தபட்சம் 'ம்' என்றாவது சொல்ல வேண்டும். அதற்குக் கோபமீன் என்று பெயர். இப்போது காகிதத்திலிருந்து வந்ததும் மீன்தானே, ஆற்றுக்கு ஒரு முதல் மீன் என்றால் காகிதத்துக்கும் ஒரு முதல் மீன் இருக்கத்தானே வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானித்தது. தீர்மானித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை, ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத ஆள் ஒரே ஆள்தான்.

அந்த வாரமே வியாழக்கிழமை காலையில் புரோஹர் கதவைத் தள்ளினான், கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக இறங்கி வந்து பார்த்தால், வாசல்படியில் விறகு அடுக்கின மாதிரி நாற்பத்து மூன்று மீன், நாற்பத்து மூன்றும் தலையைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, விறைத்துக் கிடந்தன. அனுமதியில்லாமல் பிடித்த மீன், ஆய்வாளர் வீட்டு வாசலிலேயே. அவன் உள்ளே போய்ச் சட்டப் புத்தகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். வலை இருந்தது, பொறி இருந்தது, ஈட்டி இருந்தது, வெடிமருந்துகூட இருந்தது, எழுத்து இல்லை. அப்பாடா என்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து, ஒவ்வொரு மீனாகத் தூக்கி வாலைப் பார்த்தான். சவேலியுடையது இருந்தது. ஃபெக்லாவுடையது இருந்தது. இரண்டாம் முறையும் முதலிலிருந்து பார்த்தான். உல்யானாவின் அடையாளம் ஒன்றிலும் இல்லை. ஊரிலேயே முதல் மீன் அவளுக்குத்தான் வந்தது, அதை யாருக்குக் கொடுத்தாள் என்று தெரியவில்லை, தன்மேல் கோபம்கூட இல்லாமல் போய்விட்டதா அவளுக்கு என்று நினைத்தபடி கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

வழக்கம் வழக்கம்தான். அவன் தின்றான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மீன், சில நாள் வேகவைத்து, சில நாள் வறுத்து, சில நாள் அந்த ஊர்ப் பழக்கப்படி உறைந்த மீனைச் சீவிப் பச்சையாக உப்பு தொட்டு. ஒவ்வொன்றும் தீரத் தீர, தெருவில் ஒவ்வொருவராக அவனைப் பார்த்து 'ம்' என்றார்கள், அவனும் 'ம்' என்றான், பத்துப் பதினைந்து மீனுக்குப் பிறகு 'ம், குளிர் ஜாஸ்திதான்' என்று நீண்டது, முப்பதுக்கு மேல் போனபோது சவேலி அவனை வழியில் நிறுத்தி, "மாப்பிள்ளை, என் மீனு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"முள்ளு ஜாஸ்தி."

"வலையைப் புடுங்கினவனுக்கு முள்ளில்லாத மீனா குடுப்பேன்?" என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்துக்கு நேரே சிரித்தான் சவேலி.

மார்ச் மாதம் கடைசிப் புதன்கிழமை, கடைசி வண்டியில், மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி துமானவ் வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை மதியம் திரும்பும்போது பள்ளிக்கூடப் பட்டியலையும் அவரே கையோடு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு. அவர் நேரே புரோஹரின் வீட்டுக்கு வந்தார், வாசலில் மிச்சம் ஐந்து மீன் இருந்தது.

"இது எங்கிருந்து?" என்றார்.

புரோஹர் பொய் சொல்லத் தெரியாதவன், நடந்ததை நடந்தபடி சொன்னான். துமானவ் கேட்டுக்கொண்டே ஒன்றை வறுக்கச் சொன்னார். அது நன்றாக இருந்ததால் இன்னொன்றை வறுக்கச் சொன்னார். இரண்டு பேருமாக வியாழக்கிழமை மதியத்துக்குள் தடயம் ஐந்தையும் தின்று தீர்த்தபிறகு, அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் சட்டப் புத்தகத்துல தூண்டில் கொக்கின்னு இருக்கா இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்குங்க ஐயா."

"அந்த எழுத்துல கொக்கி இருக்கா இல்லியா?"

"இருக்குங்க."

"முட்டையிடுற பருவம் இன்னிக்குத்தானே தொடங்குது? தடை உத்தரவு எழுது. அந்தக் கொக்கி எழுத்தை எழுதுறவன் உரிமம் ரத்து. நீ எழுதலைன்னா நாற்பத்து மூணு மீனும் உனக்கு வந்த லஞ்சம்னு நான் எழுதிடுவேன்."

புரோஹர் எழுதினான். ரஷ்ய பாஷையில் எழுதினான், கொக்கி தேவைப்படவில்லை. உத்தரவைப் பஞ்சாயத்து ஆபீஸ் கதவில் ஒட்டியதும் ஊரில் பென்சில்கள் காதிலிருந்து இறங்கின. மீன்பிடி உரிமம் போய்விட்டால் அந்த ஊரில் அடுப்பெரிக்க வழியில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் முடங்கினார்கள், அப்போதுதான், நேற்று வரைக்கும் ஒரு மீன் போய்விடுமே என்று கையெழுத்தை ஒளித்து வைத்திருந்த முப்பத்துச் சொச்சம் பேருக்கும், பட்டியலில் ஏழுதானே இருக்கிறது என்பது உறைத்தது. நேற்றே போட்டிருக்கலாம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டார்கள், புரோஹர் தெருவில் வந்தபோது மறுபடியும் ஒருவரும் 'ம்' சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் உல்யானாவின் புகைபோக்கியில் புகை இல்லை. புரோஹர் ஜன்னலண்டை நின்று பார்த்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டாள், அப்படியானால் மூட்டை கட்டிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. தேநீரை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

ஊர் முழுக்க அங்கே நின்றது. வகுப்பறை மேசையில் பட்டியல், பக்கத்தில் நாற்காலியில் துமானவ், கையில் கடிகாரம். உல்யானா கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், மூலையில் துணிமூட்டையும் சமோவாரும்.

"ஏழுதான் இருக்கு," என்றார் துமானவ். "வண்டி கிளம்பணும்."

புரோஹர் கோட்டின் பித்தளைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினான், ஏழு பொத்தான், அவசரப்படவே இல்லை. கோட்டை மடித்துத் துமானவின் மடியில் வைத்தான்.

"என்ன இது?"

"தடைக்காலத்துல உரிமம் இல்லாம மீன் பிடிக்கப் போறேங்க ஐயா. ஆய்வாளரா இருந்துகிட்டு அதைச் செய்யக்கூடாது."

அவன் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பென்சிலை எடுத்தான். பத்து வருஷமாக எழுதாத எழுத்து. முதல் தூண், இரண்டாவது தூண், குறுக்குக் கட்டை. அதுவரைக்கும் ஆபீஸில் தினம் போட்ட அதே நாவின்தான். பிறகு வலது காலின் அடியில் பென்சிலை வைத்து ஒரு கொக்கி வளைத்தான். தாள் அலைந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை, ஃபெக்லா தூக்கிப் பிடித்த கிண்ணத்தைக் கீழே இறக்கப் போனாள், அப்போது கொக்கி ஒரு துடி துடித்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீன், அதைவிடச் சின்ன மீனை அந்த ஊர் பார்த்ததில்லை, தாளின்மேல் விழுந்து துள்ளியது.

"பள்ளிக்கூடத்துத் தாளு," என்று ஃபெக்லா கிண்ணத்தை நீட்டினாள்.

"இல்ல அக்கா," என்றான் புரோஹர், பெயரின் மீதி எழுத்துகளையும் எழுதி முடித்துவிட்டு. "இது என்னோட முதல் மீன்."

அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. முதல் மீன் பேச்சில்லாதவருக்குப் போக வேண்டும். ஊரில் நாற்பத்து மூன்று பேரின் மீனையும் அவன் தின்று தீர்த்துவிட்டான், முறைப்படி அவர்களோடு அவனுக்குப் பேச்சு உண்டு, நேற்றைய கோபம் நேற்றையது. அவனோடு பேச்சில்லாமல் இருந்தும் மீன் வைக்காத ஆள் அந்த ஊரிலேயே ஒரே ஒருத்திதான், அவள் கையில் துடைப்புத் துணியோடு நாலடி தள்ளி நின்றாள். அவன் பேனாக்கத்தியால் அந்தப் பொடிமீனின் வாலில் ஙாவின் வீட்டு அடையாளத்தை வெட்டினான், வால் இருந்த லட்சணத்துக்கு அது வெட்டினதா கடித்ததா என்று தெரியவில்லை, எழுந்து போய் அவள் காலடியில், தலை அவளைப் பார்க்க, வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

உல்யானா அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு துணியை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, வெளியே பனியில் புதைந்திருந்த ஒரு மரப்பெட்டிக்குள் கையை விட்டு, அரை முழ நீளத்துக்கு விறைத்துப்போன ஒரு மீனை எடுத்தாள். செதிலில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை. வாலில் அவள் அடையாளம் வெட்டியிருந்தது.

"எப்போ வெட்டினே?" என்று கேட்டுவிட்டான் புரோஹர். ஆறு வருஷத்தில் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

"அன்னிக்கே. செவ்வாய்க்கிழமை."

"ஏன் கொண்டாந்து வைக்கல?"

"வச்சா நீ தின்னுடுவே. தின்னுட்டா நான் உன்கூடப் பேசணும்," என்றாள் அவள், மீனை அவன் கையில் அழுத்தி வைத்தாள். "எனக்கு இன்னும் கோபம் மிச்சமிருந்துச்சு."

துமானவுக்கு அந்தப் பாஷை ஒரு வார்த்தையும் தெரியாது. பட்டியலில் எட்டு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார், இருந்தது. பட்டியலை வாங்கி, கோட்டையும் வாங்கி, வண்டியில் ஏறிப் போனார். தடை உத்தரவை மட்டும் ஒருவரும் கிழிக்கவில்லை, அது மறு வருஷம் வரைக்கும் அந்தக் கதவிலேயே ஒட்டியிருந்தது, ஆனால் அதைக் காட்டி மிரட்டப் பித்தளைப் பொத்தான் வைத்த ஆள் ஊரில் இல்லை. புரோஹருக்கு வேலை போனது போனதுதான், கோடையில் சவேலியின் படகில் துணை ஆளாகப் போனான், பிடுங்கின வலையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த பிறகு.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது உல்யானா மூலையில் கிடந்த மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பட்டியல் இருந்த மேசையைத் துடைத்தபடி, "கொக்கி ரொம்பச் சின்னதாப் போட்டிருக்கே," என்றாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு."

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு. பென்சிலைச் சீவி எடுத்துட்டு வா. பிந்தி வந்தா வெளியே நிக்க வேண்டியதுதான்."

அவன் அந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஜன்னலண்டை நின்றான். கொஞ்ச நேரத்தில் டீச்சர் குடியிருப்பின் புகைபோக்கியிலிருந்து, கட்டைவிரல் அளவு மீனை வறுக்கிற அளவுக்கு, மெல்லிசாகப் புகை வந்தது.